டாக்டர் பிடித்த கை

எங்கள் அக்கா இறந்து கருமாதி முடிந்த பிறகுதான் ஊர் ஊராக நிற்கத் தொடங்கினாள்.

முதலில் அவளை நான் பார்த்தது ஒரத்தநாட்டில். ஒரு காரியமாகப் போயிருந்தேன். பஸ்ஸை விட்டு இறங்கித் தலை நிமிர்ந்தால், எதிரே டீக்கடைக்கு மேலே சவுக்குக் கம்பு கட்டி ஒரு பெரிய ஃப்ளெக்ஸ். தேர்தல் நேரம். டாக்டர் வெள்ளை வேட்டி சட்டையில் கொஞ்சம் குனிந்து ஒரு பெண்ணின் கையைப் பிடித்திருக்கிறார். அந்தப் பெண் அவர் முகத்தை அண்ணாந்து பார்த்துச் சிரிக்கிறாள். மஞ்சள் கரை போட்ட நீலச் சேலை. அந்தச் சேலையைத்தான் அவளை எடுத்துப் போனபோது மேலே போர்த்தினோம். அது அவளோடு எரிந்ததை நின்று பார்த்தவன் நான்.

படத்துக்குக் கீழே, மக்களின் நாடி அறிந்த மருத்துவர் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள்.

அவளுடைய தோளில் ஒரு கை இருந்தது. முழங்கை வரைக்கும் வெள்ளைச் சட்டை, அதற்குமேல் ஆள் இல்லை. வெட்டிவிட்டார்கள். கூட்டத்தில் அவள் தடுமாறாமல் இருக்கப் பிடித்துக்கொண்டிருந்த என்னுடைய கை அது.

டீக்கடைக்காரர் கேட்டார், "என்னாங்க அப்படியே நிக்கிறீங்க? டீயா காப்பியா?"

வந்த காரியத்தையும் பார்க்காமல் அடுத்த பஸ்ஸில் மன்னார்குடிக்குத் திரும்பிவிட்டேன். வழியில் இன்னும் பல இடத்தில் அவள் நின்றாள். ஒவ்வொரு இடத்திலும் அதே சிரிப்பு. ஒரு தடவையாவது என் பக்கம் பார்ப்பாள் என்று நினைத்தேன். அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மன்னார்குடியிலிருந்து பஸ்ஸில் போகிற தூரத்தில் எங்கள் ஊர். டாக்டர் எங்கள் தெருக்காரர். நாங்கள் எல்லோருமே ஒரு காலத்தில் பிறர் வயலில் கூலிக்கு இறங்கியவர்களின் பிள்ளைகள். அவருடைய அம்மாவும் எங்கள் அக்காவும் ஒரே வரிசையில் நின்று நடவு நட்டவர்கள். அக்கா அப்போது சின்னப்பெண். எங்கள் தெருவிலிருந்து முதன்முதலாக டாக்டருக்குப் படித்து வந்தவர் அவர்தான். படித்துவிட்டு வெளியூர் போகாமல் மன்னார்குடியில் கடைத்தெரு தாண்டி ஒரு சின்ன கிளினிக் போட்டார். நான் ஐந்தாவதோடு நின்றவன். நாலு பேர் முன்னால் வாய் திறக்கப் பயப்படுகிறவன். "பேசாம இருக்குறவன்தான்டா எனக்கு வேணும். ஆஸ்பத்திரியில எவனும் வாயாடக்கூடாது" என்று சொல்லி என்னை வாசலில் நிறுத்திக்கொண்டார். வருகிறவர்களை வரிசையாக உட்காரவைத்து ஒவ்வொருவராக உள்ளே அனுப்புவது என் வேலை. பேர் சொல்லிக் கூப்பிட எனக்குக் கூச்சம். கிட்டே போய், "நீங்க வாங்க" என்று மெதுவாகச் சொல்வேன்.

கிளினிக் திறந்த அன்று யாரும் வரவில்லை. புது டாக்டரிடம் முதலில் போய்க் கை நீட்ட எல்லோருக்கும் தயக்கம். கைராசி எப்படியோ, யாருக்குத் தெரியும்? அவருடைய அம்மா அழாத குறையாக எங்கள் வீட்டுக்கு வந்து அக்காவைக் கூட்டிப்போனார். "ஒனக்கு நல்ல மனசுடி. நீ போய் மொதக் கைய நீட்டு." அக்காவுக்கு ஒரு வியாதியும் இல்லை. நடவு முடித்துக் கால் கழுவிக்கொண்டு வந்தவள் அப்படியே உள்ளே போய் ஸ்டூலில் உட்கார்ந்து கையை மேசைமேல் வைத்தாள். அவர் மணிக்கட்டில் மூன்று விரலை வைத்து, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி வெகுநேரம் இருந்தார். பிறகு புறங்கையில் இரண்டு தட்டு தட்டி, கையை அவளிடமே திருப்பிக் கொடுப்பதுபோல வைத்தார்.

"ஒண்ணுமில்லக்கா. வீட்டுக்குப் போங்க."

அன்றிலிருந்து அந்த இரண்டு தட்டு அவருடைய முத்திரை ஆகிவிட்டது. உடம்பில் பெரிதாக ஒன்றும் இல்லை என்றால் கையைப் பார்த்து முடித்துவிட்டு இரண்டு தட்டு தட்டுவார். ஏதாவது இருந்தால் தட்டமாட்டார். கையை விடாமல் பிடித்துக்கொண்டே மெதுவாகப் பேசுவார், மற்றக் கையால் தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதுவார். வெளியே காத்திருக்கும் சனங்கள் இதை வைத்தே பேசிக்கொள்வார்கள். உள்ளேயிருந்து வருகிறவரைப் பார்த்து, "என்னா, தட்டுனாரா?" என்று கேட்பார்கள். தட்டினார் என்றால் எல்லோருக்கும் மூச்சு வரும். சிலர் மாத்திரையைக்கூட வாங்காமல் போவார்கள். தட்டே போதும் என்று.

பெரிய வீட்டுக்காரர்களும் வந்தார்கள். அவருடைய அப்பாவைக் களத்தில் எட்டி நிற்கச் சொன்ன வீடுகளிலிருந்து வந்து, அதே ஸ்டூலில் உட்கார்ந்து, சட்டைக் கையை மடித்து மணிக்கட்டை நீட்டினார்கள். அவர் எல்லோருக்கும் ஒரேபோலத்தான் பார்த்தார். அப்படி ஒருவர் தட்டு வாங்கிக்கொண்டு வெளியே வந்த அன்று அக்கா வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அவர் போனதும் என் காதில் சொன்னாள். "நம்ம கைதான்டா டாக்டருக்கு மொதக் கை. அத மறந்துராத."

புயல் அடித்த வருஷம் எல்லாம் மாறியது. வேதாரண்யம் பக்கம் உப்பளமும் தென்னையும் போய், சனங்கள் பள்ளிக்கூடங்களில் கிடந்தார்கள். டாக்டர் கிளினிக்கைப் பூட்டிவிட்டு மருந்துப் பெட்டியோடு போய்விட்டார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு நானும் கூடப் போனேன். பகலெல்லாம் வைத்தியம். குடிக்கத் தண்ணீர் வரவில்லை என்று பெண்கள் குடத்தோடு சாலையில் உட்கார்ந்தபோது அவரும் போய் உட்கார்ந்தார். அதிகாரிகள் வந்தபோது அவர் எழுந்து பேசினார். அவர் அப்படிப் பேசி அதற்குமுன் நான் கேட்டதில்லை. மீன்பிடிக்கிற ஒரு பெரியவர் என் பக்கத்தில் நின்று, "இவுரு ஊசி போடுறதவிடப் பேசுறது நல்லா வேல செய்யுதுப்பா" என்றார். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

அடுத்த தேர்தலில் கட்சி அவரைக் கேட்டது. நின்றார், ஜெயித்தார், டெல்லிக்குப் போனார். சில வருஷத்தில் மந்திரியும் ஆனார். கிளினிக்கின் முன்னறை மனு வாங்குகிற ஆபீஸ் ஆனது. பின்னறை, அவர் உட்கார்ந்து பார்த்த அறை, பூட்டியே இருந்தது. சாவி என்னிடம். காலையில் திறந்து, பெருக்கி, மேசையைத் துடைத்துவிட்டுப் பூட்டுவேன். மனுவோடு வருகிறவர்களில் வயதானவர்கள் சிலர் பூட்டிய கதவைப் பார்த்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். கொஞ்ச நேரம் இருந்துவிட்டு எழுந்து போவார்கள். கேட்டால், "சும்மாதான். இங்க உக்காந்தா தேவலாம்போல இருக்கு" என்பார்கள்.

அக்காவுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது குறுவை நடவில். வரப்பில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். நெஞ்சுக்குள்ளே என்னவோ துள்ளுகிறது என்றாள். "சேத்துல கெண்ட மாட்டிகிட்டுத் துள்ளும் பாரு, அப்படித் துள்ளுது. அப்பறம் சத்தமில்லாம கெடக்குது. அப்பறம் திரும்பவும் துள்ளுது."

அவளுக்குப் புருஷன் போய் வெகுகாலம். பிள்ளை இல்லை. எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஒரே வீட்டில்தான் இருந்தோம். தஞ்சாவூர் போகலாம் என்று நான் சொன்னேன்.

"தஞ்சாவூருக்கு என்னாத்துக்கு? வர்ற மாசம் டாக்டரு வர்றாருல்ல, கூட்டத்துக்கு? அவருகிட்ட ஒரு தடவ கையக் காட்டிட்டு, அவரு போகச் சொன்னா எங்கன்னாலும் வர்றேன்."

"அவரு இப்ப மந்திரிக்கா. கூட்டத்துல எங்கேருந்து கையப் பாப்பாரு?"

"மந்திரியானா வெரலு தேஞ்சா போயிரும்?"

கூட்டம் மன்னார்குடியில் பெரிய குளத்துக்குப் பக்கத்துத் திடலில். சாயங்கால வெயில். நீலச் சேலையைக் கட்டிக்கொண்டு அக்கா வந்தாள். ஆரத்தித் தட்டோடு பெண்கள் வரிசையாக நின்றார்கள். ஒன்றியச் செயலாளர் என்னைப் பார்த்துவிட்டு, "ஏ, கிளினிக்குக்காரரே, ஏன் அங்க பதுங்குறீங்க, முன்னால வாங்க" என்று எங்கள் இருவரையும் முன்னால் இழுத்து நிறுத்தினார். தப்பும் தவிலும் காதைக் கிழித்தன. டாக்டர் காரிலிருந்து இறங்கி இரண்டு பக்கமும் கைகளைத் தொட்டபடி வந்தார். எங்கள் முன்னால் வந்ததும் நின்றார்.

"அக்கா!" என்றார். மறக்கவில்லை. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

அக்கா கையை நீட்டினாள். எல்லோரும் நீட்டியதுபோல இல்லை. உள்ளங்கை மேலே இருக்க, மணிக்கட்டைக் காட்டி, ஸ்டூலில் உட்கார்ந்து நீட்டுவதுபோல நீட்டினாள். அவர் மணிக்கட்டைப் பிடித்தார். "மூச்சு வாங்குதுய்யா" என்றாள். அவர் தலையை ஆட்டினார். படம் எடுக்கிறவர்கள் நெருக்கினார்கள். நான் அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன். அவர் கொஞ்ச நேரம் அப்படியே பிடித்திருந்தார். பிறகு புறங்கையில் தட்டினார். இரண்டு தட்டு. அடுத்தவரிடம் போய்விட்டார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அக்கா அந்தக் கையை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

"நாளைக்குத் தஞ்சாவூர் போவோமாக்கா?" என்று கேட்டேன்.

"ஏன்டா, நீ பாக்கல? தட்டிட்டாருடா."

"அது கூட்டம்க்கா."

"கூட்டமா இருந்தா என்னா? எத்தன பேரு கையத் தொட்டாரு, எங்கிட்டதான் நின்னாரு. மணிக்கட்டத்தான் புடிச்சாரு. ஏதாவது இருந்தா விட்டுருப்பாரா? வாசல்ல இத்தன வருசம் நின்னு நீ என்னாத்தடா கத்துகிட்ட, கதவு தெறக்கவா?"

முன் சீட்டிலிருந்த அம்மாள் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. அதற்குமேல் நான் பேசவில்லை. பேசாததற்கு அது மட்டும் காரணம் இல்லை. நானும் அந்தத் தட்டைப் பார்த்தேனே. கிளினிக்கில் எவ்வளவோ பேர் அந்தத் தட்டு வாங்கி நல்லபடியாக வீட்டுக்குப் போனதைப் பார்த்தவன். என் மனசும் அவள் பக்கமே சாய்ந்தது.

அதன் பிறகும் கெண்டை துள்ளியது. மழைக்காலத்தில் கால் வீங்கியது. களை எடுக்கப் போவதை நிறுத்தினாள். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கினாள். நான் கேட்கும்போதெல்லாம் ஒரே பதில்தான். "அவருக்குத் தெரியாததாடா? வாய்வா இருக்கும். பூண்டு வறுத்துக் குடு."

தை மாதத்தில் ஒரு காலை, வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தவள் கோலத்தின் மேலேயே சாய்ந்துவிட்டாள். 108 வந்து தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே ஒரு சின்ன வயசு டாக்டரம்மா. அக்காவின் மணிக்கட்டில் விரலை வைத்த உடனே அவருடைய முகம் மாறியது.

"எத்தன நாளா இப்படித் தாறுமாறா ஓடுது?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"துடிப்பு ஒழுங்காவே இல்லங்க. விட்டு விட்டுத் துடிக்குது. கைய வச்சாலே தெரியுமே. இதுக்கு முன்னால யாருமே இவங்க கையப் பாக்கலயா?"

என்ன சொல்வது? மந்திரி பார்த்தார் என்றா?

அவர்கள் நன்றாகத்தான் பார்த்தார்கள். குழாயும் ஊசியுமாக இரவெல்லாம் ஓடினார்கள். மறுநாள் வெயில் ஏறும்போது அக்கா போய்விட்டாள். முன்னாலேயே வந்திருந்தால் மாத்திரையிலேயே ஓடியிருக்கும் என்று அந்த டாக்டரம்மா என் கையைப் பிடித்துச் சொன்னார். ஆறுதலுக்குத்தான் பிடித்தார். நான் கையை இழுத்துக்கொண்டேன்.

யாருமே இவங்க கையப் பாக்கலயா. இந்தக் கேள்வி என்னோடு வீட்டுக்கு வந்து தங்கிவிட்டது.

காலையில் பின்னறையைத் திறந்து பெருக்கும்போது நோயாளி உட்காரும் ஸ்டூலில் நான் உட்கார்ந்துகொள்வேன். மேசையின் சன்மைக்கா ஒரு இடத்தில் மட்டும் வெளுத்திருக்கும். எல்லோரும் முழங்கை ஊன்றிக் கை நீட்டிய இடம். அங்கே என் கையை வைத்துக்கொண்டு எதிரே இருந்த வெறும் நாற்காலியைப் பார்ப்பேன். அவர் அன்று அக்காவின் கையைப் பார்த்தாரா? பார்த்தார் என்றால் அந்தத் துள்ளல் அவர் விரலுக்குத் தெரிந்திருக்கும். தெரிந்தும் எப்படித் தட்டினார்? பார்க்கவில்லை என்றால் ஏன் மணிக்கட்டைப் பிடித்தார்? ஏன் தட்டினார்? எந்தப் பக்கம் போனாலும் வழி இல்லை. அறையில் ஸ்பிரிட் வாசம் போய் எத்தனையோ வருஷம் ஆகிறது. ஆனால் அந்த நாட்களில் எனக்கு அது அடித்தது. ஒருநாள் மேசையைத் துடைத்துவிட்டுத் திரும்பும்போது முதுகுக்குப் பின்னால் புறங்கையில் தட்டுகிற சத்தம் இரண்டு தடவை கேட்டது. ஓட்டிலிருந்து பல்லி விழுந்திருக்கலாம். நான் திரும்பிப் பார்க்காமல் பூட்டிக்கொண்டு வந்தேன்.

சித்திரையில் தேர்தல் வந்தது. அக்காவும் வந்தாள்.

படத்தை யார் தேர்ந்தெடுத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. அவள் இறந்துபோனது அவர்களுக்குத் தெரியுமா என்பதும் தெரியாது. நான் பஸ்ஸில் நடுவில் நிற்கப் பழகினேன். ஜன்னல் பக்கம் உட்காருவதில்லை. காற்று அடித்தால் ஃப்ளெக்ஸ் கம்பில் அறைகிற சத்தம் கேட்கும். பார்க்காவிட்டாலும் இந்த இடத்தில் அவள் நிற்கிறாள் என்று அதிலேயே தெரிந்துவிடும்.

டாக்டர் திரும்பவும் ஜெயித்தார். ஒன்றியச் செயலாளர் இனிப்போடு ஆபீசுக்கு வந்தார். என் கையில் கண்ணாடி போட்ட படம் ஒன்றைக் கொடுத்தார். அதே படம்.

"ஒங்க அக்கா மொகத்துல ஒரு ராசி இருக்குங்க. இருந்த வரைக்கும் நமக்குத் தெரியல. வீட்டுல மாட்டிக்கங்க."

"என் கை தெரியுது" என்றேன்.

அவர் படத்தை உற்றுப் பார்த்தார். "அட, ஆமா! ஒங்க கையா இது? சரி, நீங்களும் படத்துல இருக்கீங்க, பாருங்க" என்று சொல்லிச் சிரித்தார்.

அந்தப் படத்தைப் பின்னறையில் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தேன்.

தேர்தல் முடிந்ததும் ஃப்ளெக்ஸ்களை அவிழ்த்து ஆளாளுக்கு எடுத்துப் போனார்கள். எங்கள் பக்கம் அது வீணாவதில்லை. மாட்டுக் கொட்டகைக்குப் போகும், குளியலறைக்குத் தடுப்பாகப் போகும், நெல்லை மூடப் போகும். தெருக்கோடியில் ஒருவர் பம்புசெட்டுக் கூரையில் போட்டிருந்தார். அதில் அக்காவின் கண்ணும் நெற்றியும் மட்டும் இருந்தன. வாத்துப் பட்டி ஒன்றில் டாக்டர் பிடித்த கை மட்டும் தனியாக, தலைகீழாகத் தொங்கியது. வாத்துகள் அதற்குக் கீழே போய் வந்துகொண்டிருந்தன. இதுவரை பெரிய சாலையில் நின்றவள் இப்போது துண்டு துண்டாகத் தெருவுக்குள் வந்துவிட்டாள். எதிர்பாராத இடத்தில் திரும்பினால் இருப்பாள்.

புரட்டாசியில் குறுவை அறுத்த நேரம் மழை பிடித்துக்கொண்டது. கொள்முதல் நிலையத்துக்கு முன்னால் சாலை ஓரமாக நெல்லைக் கொட்டி வைத்துச் சனங்கள் காத்துக் கிடந்தார்கள். ஈரம் அதிகமாக இருக்கிறது, எடுக்க முடியாது, டெல்லியிலிருந்து உத்தரவு வந்தால் எடுப்போம் என்று சொல்லிவிட்டார்கள். சில குவியலில் முளை கிளம்பிவிட்டது. நனைந்த நெல்லைப் பார்வையிட மந்திரி வருகிறார் என்றார்கள். ஆபீசிலிருந்து என்னையும் போகச் சொன்னார்கள். தண்ணீர் பாட்டில் கொடுக்க ஆள் வேண்டுமாம்.

மழை விட்டிருந்த முற்பகல். நான் பாட்டில் பெட்டியோடு போய் நின்ற இடத்துக்குப் பக்கத்துக் குவியலை மூடியிருந்தது அக்காதான். கிழியாத, முழு ஃப்ளெக்ஸ். நெல்லின் மேட்டுக்கு ஏற்றமாதிரி அவள் முகம் சாய்ந்து வானத்தைப் பார்த்துக் கிடந்தது. கன்னத்தில் மழைத் தண்ணீர் தேங்கியிருந்தது.

டாக்டர் வந்தார். நரைத்துவிட்டார். ஒவ்வொரு குவியலாக நின்று கேட்டுக்கொண்டே வந்தவர் இந்தக் குவியலுக்கு வந்தார். நெல்லுக்குச் சொந்தக்காரர், ஒரு வயதான விவசாயி, நெல்லைக் காட்ட ஃப்ளெக்ஸைப் பிடித்து இழுக்கப் போனார். அப்போது டாக்டர் என்னைப் பார்த்தார்.

"அடடே, நீயா! எப்படிய்யா இருக்க? அக்கா எப்படி இருக்காங்க?"

நான் படத்தைக் காட்டினேன். "தையில தவறிட்டாங்க சார்."

அவர் அப்போதுதான் கீழே பார்த்தார். தன்னுடைய முகத்தையும் பார்த்தார். வாழ்க்கையில் அவரிடம் நான் ஒரு கேள்வியும் கேட்டதில்லை. அவர் கேட்பார், நான் சொல்வேன், அவ்வளவுதான்.

"சார், அன்னைக்கு அக்கா கையப் பாத்தீங்களா?"

"என்னைக்கு?"

"இந்தப் படம் எடுத்த அன்னைக்கு. தட்டுனீங்களே. நீங்க தட்டிட்டீங்கன்னுதான் அவங்க தஞ்சாவூர் வரமாட்டேன்னுட்டாங்க. நாடி விட்டு விட்டு அடிக்குதுன்னு அங்க சொன்னாங்க. கைய வச்சாலே தெரியும்னாங்க."

என் குரல் எனக்கே புதிதாகக் கேட்டது. ஒன்றியச் செயலாளர் என் தோளைப் பிடிக்க வந்தார். டாக்டர் அவரைப் பார்த்த பார்வையில் கையை எடுத்துக்கொண்டார்.

டாக்டர் குனிந்து படத்தைப் பார்த்தார். அவர் எதைத் தேடினார் என்று எனக்குத் தெரியும். நானும் அந்தப் படத்தில் அதைத்தான் தேடியிருக்கிறேன். அவருடைய மூன்று விரலும் எங்கே இருக்கின்றன, கண் கடிகாரத்தைப் பார்க்கிறதா என்று. கண் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. படம் எடுக்கிறவரைப் பார்த்தது.

"இல்லப்பா" என்றார். எனக்கு மட்டும் கேட்கிறமாதிரி. "அன்னைக்கு நான் யார் கையையும் பாக்கலப்பா. புடிச்சேன், அவ்வளவுதான்."

"தட்டுனீங்களே சார்."

"பழக்கம்யா."

கண் கலங்கினார். அது நடிப்பு இல்லை. அவரை எனக்குத் தெரியும். என் கையைப் பிடிக்கக் கையை நீட்டினார். நான் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். வேண்டுமென்று செய்யவில்லை. கை தானாகப் போய்விட்டது. நீட்டிய கை கொஞ்ச நேரம் அப்படியே நின்றது.

ஒரு அதிகாரி, "சார், நேரம் ஆகுது" என்றார். விவசாயி இதற்குள் ஃப்ளெக்ஸை ஒரு பக்கம் ஒதுக்கி நெல்லைக் காட்டினார். "பாருங்கய்யா. ரெண்டு நாளு விட்டா மொளச்சிரும். ஒரு வார்த்த சொல்லி எடுக்கச் சொல்லுங்கய்யா." டாக்டர் திரும்பி, ஒரு பிடி நெல்லை அள்ளி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். பார்த்தாரா என்று எனக்குத் தெரியாது. கண் என் பக்கமே இருந்தது. நெல்லைத் திரும்பப் போட்டுவிட்டு, பக்கத்தில் கட்டி வைத்திருந்த மூட்டைமேல் கையை வைத்தார். இரண்டு தட்டு தட்டினார்.

தட்டியது அவருக்கே தெரிந்ததா என்று நான் பார்த்தேன். தெரியவில்லை. காரில் ஏறிப் போய்விட்டார்.

கார் திரும்பும் முன்பே விவசாயியின் மனைவி ஓடிவந்தாள். "என்னாங்க சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல. ஆனா தட்டிட்டாரு."

"நம்ம மூட்டையவா?"

"நம்ம மூட்டையத்தான். இத்தன குவியல்ல நம்மகிட்டதான் நின்னாரு. இனி எடுத்துருவாங்க, பாரு. அவரு தட்டி எதுவும் வீணாப் போனதில்ல." அவர் என் பக்கம் திரும்பினார். "நீங்க கிளினிக்குல இருந்தவருதான? ஒங்களுக்குத் தெரியாததா! சொல்லுங்க இவகிட்ட."

அந்த அம்மாள் என் முகத்தைப் பார்த்தாள். பஸ்ஸில் அக்கா கையை மடியில் வைத்துக்கொண்டு பார்த்த அதே முகம்.

"சாயங்காலம் வரைக்கும் காத்திருக்காதீங்க" என்றேன். "நெல்லு ஒணத்திக் காயவைக்க எடம் எங்கயாவது இருந்தா இப்பவே அள்ளிட்டுப் போங்க. நான் சாக்கு புடிக்கிறேன்."

"அதான் தட்டிட்டாருல்ல" என்று அவர் சிரித்தார். "வெறும்வாயால சொன்னாக்கூட நம்பாம இருக்கலாம். தட்டுனாருங்க, நான் பாத்தேன்."

"நானும் பாத்தேன்" என்றேன்.

தூறல் மறுபடியும் விழத் தொடங்கியது. "அந்தப் பக்கம் புடிங்க, மூடிருவோம்" என்றார் விவசாயி. நான் ஒரு முனையைப் பிடித்தேன். அவர் மறுமுனையைப் பிடித்து இழுத்தார். நெல்லின் மேல் அக்கா வந்தாள், அவள் கை வந்தது, டாக்டர் கை வந்தது, கடைசியாக அவள் தோளில் என் கை. காற்றில் தூக்காமல் இருக்க ஓரத்தில் கல் வைக்கச் சொன்னார். கிடைத்த செங்கல்லை வைத்தேன். அவள் மணிக்கட்டின் மேல் படாமல் கொஞ்சம் தள்ளி வைத்தேன்.